கூடுதலாக ஒரு வாளி

பன்றிகளுக்குப் பேச்சு வந்திருந்தால் தீவனக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருக்கும். மனிதர்களில் அப்படிச் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். அவன் பெயர் குழாய்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பண்ணையில் கொட்டகை கழுவும் வேலைக்கு வந்தவன், கையில் தண்ணீர்க் குழாய் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. குழாயில் தண்ணீர் நின்றாலும் நிற்கும், அவன் வாயில் பேச்சு நிற்காது. பேருந்து நடத்துனரோடு சண்டை, வீட்டுக்காரரின் நாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனது, அண்ணி அவனுக்கு மட்டும் ஆறிப்போன சாப்பாடு போட்ட காலம் என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பான். பாதி பொய்யாக இருக்கும். இருந்தால் என்ன?

தீவனக்காரருக்கு அந்தப் பொய்தான் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள. மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரே மகளைத் தூர ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் போன் செய்வாள். "உடம்பு எப்படிப்பா இருக்கு?" "நல்லா இருக்கும்மா." "அங்க மழையா?" "இல்லம்மா." அதற்கு மேல் இரண்டு பேரும் பேச்சைத் தேடுவார்கள். அந்தப் பக்கம் குழந்தை அழும், அல்லது வாசல் மணி அடிக்கும். அப்பாடா என்று இரண்டு பேரும் போனை வைப்பார்கள். பாசத்தில் குறை ஒன்றும் இல்லை. பேச விஷயம்தான் தீர்ந்துபோயிருந்தது.

தீவன அறைக்குப் பின்சுவரை ஒட்டி அவருடைய அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கொடியில் இரண்டு சட்டை. சாயங்காலம் அரவை இயந்திரத்தை நிறுத்தியதும் விழும் அமைதி இருக்கிறதே, அது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதற்காகவே சில நாள் வேலை முடிந்த பிறகும் இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் வெறுமனே ஓடவிட்டிருக்கிறார். மின்கட்டணம் கட்டுகிறவர்களுக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம்.

குழாய் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மத்தியானம், கேட்காமல் கொள்ளாமல் தூக்குவாளியோடு தீவன அறைக்குள் நுழைந்தான்.

"இங்க ஈ கம்மியா இருக்குண்ணே. உக்காரலாமா?"

"உக்காருப்பா. மூட்டையில சாயாத, தவுடு ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும்ணே. பொண்ணு பாக்கவா போறேன்?"

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு இரண்டு பேருக்கும் அங்கேதான். மக்காச்சோள மூட்டைமேல் அவன், கவிழ்த்துப்போட்ட வாளிமேல் இவர். ஒரு நாளில் மற்ற நேரமெல்லாம் இவர் வாயைத் திறப்பது பன்றிகளை அதட்ட மட்டும்தான். அந்த அரைமணி நேரம்தான் அவருடைய சொத்து. சிரிக்காதீர்கள், இதைவிடக் குறைவான சொத்தோடு நிறைய பேர் இருக்கிறார்கள்.

வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வளரும் பன்றிக்கு வயிறு நிறைந்தால் போதாது, எலும்பும் தோலும் கூடவே வளரவேண்டும். அதனால் மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் மீன் தூள் இவற்றோடு உப்பு, சுண்ணாம்புக்கல் பொடி, தாது உப்புக் கலவை என்று எல்லாம் சேர வேண்டும். எது எவ்வளவு என்று ஒரு அட்டையில் அச்சடித்து சுவரில் மாட்டியிருந்தது. அதில் எழுதியபடி நிறுத்து, கலக்கும் உருளையில் கொட்டி, சுற்றவிட்டு, மூட்டை பிடித்து, வண்டியில் தள்ளிக்கொண்டு போய்த் தொட்டிகளில் போட வேண்டும். வண்டிச் சக்கரத்தின் கிறீச் சத்தம் கேட்டதுமே பன்றிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓடிவரும். தன்னைப் பார்த்ததும் இப்படி ஓடிவர உலகத்தில் இவ்வளவு உயிர்கள் இருக்கின்றனவே என்று அவருக்கு ஒவ்வொரு தடவையும் மனசு குளிரும். தீவனத்தைப் பார்த்து ஓடிவருகின்றன என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தாலும் குளிரும்.

முன்பு ஒரு தடவை, பழைய மேலாளர் சிக்கனம் பிடிக்கிறேன் பேர்வழி என்று தாதுப் பொருள்களில் கைவைத்தார். ஒரு கொட்டகைப் பன்றிகளுக்குப் பின்னங்கால் விழுந்துவிட்டது. முன்னங்கால்களை ஊன்றி, பின்பக்கத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு, அந்த நிலைமையிலும் வண்டிச் சத்தத்துக்கு வரப் பார்த்தன. தீவனக்காரர் அவற்றின் வாய்க்கு முன்னால் கொண்டுபோய்க் கொட்டினார். கடைசியில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டியதாயிற்று. எலும்புக்குச் சத்துப் போதவில்லை என்றார்கள். அட்டையை மாற்றினார்கள், மேலாளரையும் மாற்றினார்கள். தீவனக்காரரின் வயிற்றுக்குள் உட்கார்ந்துவிட்ட பயத்தை மாற்ற யாராலும் முடியவில்லை.

அதனால் அட்டையில் போட்டிருந்த சுண்ணாம்புப் பொடியை நிறுத்துக் கொட்டிய பிறகு, கூடுதலாக ஒரு கை அள்ளிப் போடுவார். எலும்புக்கு நல்லதுதானே. கொஞ்ச நாளில் ஒரு கை ஒரு டப்பாவாயிற்று. எந்தப் பன்றியாவது ஒரு அடி நொண்டினாலும் மனசு அடித்துக்கொள்ளும், டப்பா இரண்டாகும். இப்போது ஒரு சின்ன வாளி நிறையப் போய்க்கொண்டிருந்தது. இருக்கிற பொருள்களிலேயே மலிவானது சுண்ணாம்புப் பொடிதான். அதை எவன் கணக்குப் பார்க்கப்போகிறான்? செல்லம் கொடுக்கிறவர்கள் எல்லோரையும் போல, தான் கொடுப்பது செல்லம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

பொருக்கு முதலில் கால்களில்தான் வந்தது. பிறகு வயிற்றடியில், தொடையில், வால் ஓரத்தில். தோல் தடித்து, வறண்டு, காய்ந்த சேறு மாதிரி வெடித்தது. பன்றிகள் முன்போல் தின்னவும் இல்லை, எடை ஏறவும் இல்லை.

பழையவருக்குப் பதிலாக வந்த மேலாளர் அம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார். கெட்டவர் இல்லை. மேலே இருக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர், அவ்வளவுதான்.

"சொறி பிடிச்சிருக்கு. தரை சுத்தமா இருந்தா சொறிப்பூச்சி எப்படி வரும்? யாரு கழுவுறது இங்க?"

"நான்தாங்க மேடம். தெனம் ரெண்டு வேளை கழுவுறேங்க."

"கழுவுற லட்சணம்தான் தெரியுதே."

அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குழாய் பேச்சில்லாமல் சாப்பிட்டான். மறுநாளிலிருந்து மருந்துத் தண்ணீர் ஊற்றி, பிரஷ் போட்டு, சந்து பொந்தெல்லாம் தேய்த்தான். விரல் இடுக்குகள் வெந்துபோய்த் தோல் உரிந்தது. சோற்றில் கைவைத்தால் எரியும். கரண்டியால் சாப்பிட்டான்.

"பாத்தீங்களாண்ணே, தொரை மாதிரி கரண்டில சாப்பிடுறேன்," என்றான். "வேலை போச்சுன்னா அண்ணன் வீட்டுக்குத்தான் போகணும். அண்ணிக்கு மறுபடியும் ஆறின சோறு போட ஆள் கெடச்சுரும்."

"அதெல்லாம் ஒண்ணும் போகாதுப்பா," என்றார் தீவனக்காரர். நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். பொருக்குக்குக் காரணம் என்னவென்று அவருக்கு அப்போது தெரியாது.

கால்நடை டாக்டர் வந்த அன்று தெரிந்துவிட்டது.

டாக்டர் நிதானமான மனுஷர். கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் ஒன்றுமே செய்யாமல் பன்றிகளைப் பார்த்தார். பிறகு உள்ளே இறங்கி ஒன்றின் காலைப் பிடித்து, கத்தி முனையால் தோலைச் சுரண்டி ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுக்கொண்டார்.

"சொறின்னா சுவத்துல போட்டு ஒரசிக்கிட்டே இருக்கும். இதுங்க எதுவும் சொறிஞ்சுக்கவே இல்லையே," என்றார். "லேப்புக்கு அனுப்புறேன், வரட்டும். ஆனா எனக்கென்னவோ தீவனத்து மேலதான் சந்தேகம். சுண்ணாம்பு அளவாத்தான போடுறீங்க?"

"ஏன் டாக்டர், அது எலும்புக்கு நல்லதில்லையா?" என்று கேட்டார் தீவனக்காரர்.

"அளவா இருந்தா நல்லது. தோலுக்கு ஜிங்க் சத்து வேணும். சோளம், சோயாவுல இருக்குற ஜிங்க்க ஒடம்பு லேசுல எடுத்துக்காது. அதுல சுண்ணாம்பும் ஜாஸ்தியாச்சுன்னா சுத்தமா எடுத்துக்காது. தொட்டில ஜிங்க் இருக்கும், வயித்துலயும் இருக்கும், ஒடம்புல மட்டும் சேராது. அப்போ தோலு இப்படித்தான் வெடிக்கும்."

தீவனக்காரர் பன்றிகள் பக்கம் திரும்பினார். தான் ஊட்டி ஊட்டிக் கெடுத்த தோல்கள் எதிரே வரிசையாக நின்று அவரையே பார்த்தன. அவரைப் பார்த்து ஓடிவந்த களைப்பில் ஒன்றிரண்டு படுத்தும் கிடந்தன.

"அட்டையில இருக்கறபடிதான் டாக்டர்," என்றார்.

சொல்லி முடித்ததும் அதை அள்ளித் திரும்ப வாயில் போட்டுக்கொள்ள முடிந்தால் போட்டுக்கொண்டிருப்பார். ஆனால் வேலையும் அறையும் ஒன்றாகவே போய்விடுமே என்ற நடுக்கம் முந்திக்கொண்டது.

"எதுக்கும் ஒரு பிடி தீவனம் குடுங்க. அதையும் டெஸ்டுக்குப் போட்டுருவோம்."

அப்போதுதான் குழாய் குறுக்கே புகுந்தான். இத்தனைக்கும் அவன் தலைமேல்தான் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டர், தீவனத்துல உங்க நேரத்த வீணாக்காதீங்க. அண்ணன் அளவு தப்புற ஆளே இல்ல. உப்பக்கூட எண்ணிப் போடுற மனுஷன். தெனம் அந்த ரூம்லதான் நான் சாப்பிடுறேன், எனக்குத் தெரியாதா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "சரிப்பா, நீ இவ்வளவு சொல்றப்போ விட்டுரலாம். முதல்ல தோல் ரிசல்ட்டு வரட்டும்."

வண்டி ஏறிப் போய்விட்டார். தீவனக்காரர் அறைக்குத் திரும்பி, கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்தார்.

அன்று மாலையே கூடுதல் வாளியை நிறுத்தினார். அட்டைப்படி நிறுத்து, ஒரு தூசு கூடாமல் போட்டார். இனி தோல் தானாக ஆறிவிடும், லேப்பிலிருந்தும் பூச்சி இல்லை என்று வந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தோல் என்ன சட்டையா, கழற்றி மாட்டுவதற்கு? மறுநாளும் அப்படியே இருந்தது, அதற்கு மறுநாளும். ஒவ்வொரு மத்தியானமும் குழாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், கரண்டியால் சாப்பிட்டான், பேசினான். ஒவ்வொரு மத்தியானமும் தீவனக்காரர் சொல்ல வாயெடுத்து, சோற்றோடு சேர்த்து மென்று விழுங்கினார்.

நாலாம் நாள் குழாய் தூக்குவாளியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"வெள்ளிக்கிழமையோட நின்னுக்கச் சொல்லிட்டாங்கண்ணே. லேப்புல என்ன வந்தாலும் கொட்டகை அசிங்கமாத்தான் இருந்துச்சாம்."

தீவனக்காரர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார்.

"நீங்க ஏண்ணே இப்படி மொகம் செத்துப் போறீங்க? போனாத்தான் என்ன. இந்தப் பக்கம் வந்தா உங்களப் பாக்காமப் போயிருவேனா? உங்ககூட உக்காந்து சாப்பிட்டதுதாண்ணே இங்க எனக்கு மிச்சம்."

சொல்லிவிட்டு அப்போதுதான் தூக்குவாளியைத் திறந்து, அவித்த முட்டையை எடுத்து அவர் தட்டில் வைத்தான். "சாப்பிடுங்க. எனக்கு எறங்கல," என்று எழுந்து போனான்.

நியாயம் உறுத்தியதால் தீவனக்காரர் மேலாளர் அம்மாவைப் பார்க்கப் போனார் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். நியாயம் உறுத்தியது நாலு நாளாக. அதற்காக அவர் எழுந்திருக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அந்த மக்காச்சோள மூட்டைமேல் யாரும் இருக்கமாட்டார்கள் என்பது இப்போதுதான் உறைத்தது. வேலை போகும் என்ற பயத்தைவிடப் பெரிய பயம் அது. தட்டிலிருந்த முட்டையைத் தொடாமல் எழுந்து, தலையிலிருந்த தவிட்டைக்கூடத் தட்டாமல் அலுவலக அறைக்குப் போனார்.

"மேடம், கொட்டகையில தப்பு இல்ல. தப்பு என்மேல."

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. ஒரு கை, ஒரு டப்பா, ஒரு வாளி. கால் விழுந்த பன்றிகள். டாக்டரிடம் சொன்ன பொய். மேலாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தார் இவர். கத்தியிருந்தால் தேவலை.

"பெரியவரே, இத அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் அந்தப் பையன நின்னுக்கச் சொல்லியிருக்க வேண்டியதில்லையே," என்றார். பிறகு டாக்டருக்குப் போன் செய்தார். ஜிங்க் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கேட்டு ஒரு தாளில் குறித்தார். "உங்கள அனுப்பிட்டா கலக்குறதுக்கு நான் யாரத் தேடுவேன்? இனிமே சுண்ணாம்ப என் முன்னால நிறுத்துட்டுத்தான் கொட்டணும்."

வேலை தப்பியது. அறையும் தப்பியது. தீவனக்காரருக்கு மூச்சு வந்தது.

மேலாளர் அம்மா அங்கேயே குழாயைக் கூப்பிட்டுவிட்டார். ஈரக் காலோடு வாசலில் வந்து நின்றவனிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். "நீ போக வேண்டாம். உன்மேல தப்பில்ல. நான் பேசினத மனசுல வச்சுக்காத." அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். சந்தோஷப்படுவான், துள்ளுவான், ஏதாவது கோமாளித்தனம் செய்வான் என்று தீவனக்காரர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மேலாளர் அம்மாவைப் பார்த்தான், தன் விரல்களைப் பார்த்தான். இவரைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் தீவனக்காரர்தான் அவன் பின்னால் போனார்.

"தம்பி, கோவமா? வேணும்னு செய்யலப்பா. எலும்புக்கு நல்லதுன்னுதான்…"

குழாய் நின்றான்.

"சுண்ணாம்பு போட்டதுக்கு என்ன கோவம்? பாசத்துல போட்டீங்க. யாரு வேணா போடுவாங்க." குரல் உயரவே இல்லை. "டாக்டர் தீவனம் கேட்டாரு. வேணாம்னு சொன்னது நான். என் தலையில நானே மண்ண அள்ளிப் போட்டுக்கறேன், நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. அதுக்கப்புறம் நாலு நாளு. நாலு நாளும் உங்க பக்கத்துல உக்காந்துதான சாப்பிட்டேன்?"

பயந்துவிட்டேன் என்று தீவனக்காரர் சொல்லியிருக்கலாம். உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம், அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை நாலு நாளைக்கு முன்னால் சொல்லியிருந்தால்தான் அதற்கு மரியாதை. கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவன் போய்விட்டான்.

லேப்பிலிருந்து பூச்சி இல்லை என்று வந்தது. தீவனத்தில் ஜிங்க் ஏறியது, சுண்ணாம்பு இறங்கியது. டாக்டர் சொன்ன மாதிரியே சில வாரங்களில் பொருக்கெல்லாம் செதில் செதிலாக உதிர்ந்து, கீழே இளம் தோல் ரோஜா நிறத்தில் தெரிந்தது. பன்றிகள் பழையபடி வண்டிச் சத்தத்துக்கு ஓடிவந்தன. அவை எதையும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. குழாயின் விரல்களும் ஆறிவிட்டன, மருந்துத் தண்ணீர் இல்லாததால். அவன் மறுபடியும் பேச ஆரம்பித்திருந்தான். கொட்டகையில், பன்றி ஏற்ற வரும் வண்டிக்காரரோடு சிரித்துக்கொண்டிருப்பது தீவன அறைவரை கேட்கும். என்ன சொல்லிச் சிரிக்கிறான் என்பது மட்டும் இங்கே விளங்காது.

ஒரு நாள் மத்தியானம் தீவனக்காரர் மனசைத் திடப்படுத்திக்கொண்டார். மூட்டைமேல் படிந்திருந்த தவிட்டைத் துணியால் துடைத்தார். தட்டை மூடியபடியே எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்குப் போனார். குழாய் அப்போதுதான் கடைசித் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, சாப்பிடலாமா?"

அவன் தண்ணீரை நிறுத்திவிட்டு மரியாதையாக நிமிர்ந்தான்.

"சாப்டாச்சு சார்."

அவன் தூக்குவாளி பக்கத்துத் தூணில் மாட்டியிருந்தது. அதைச் சுற்றியிருந்த துணியின் முடிச்சு காலையில் வீட்டில் போட்டது போட்டபடி இருந்தது. தீவனக்காரர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததைக் குழாயும் பார்த்தான். பிறகு குனிந்து, தண்ணீரைத் திறந்துவிட்டான்.